கெந்திங் போறீங்களா? எந்த ஹோட்டல், எந்த பார்க்னு முதல்ல எழுதி வாங்குங்க

திருச்சி உறையூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அவங்க, கணவர், 11 வயசுலயும் 7 வயசுலயும் ரெண்டு பசங்க, 68 வயசு அம்மா, மொத்தம் அஞ்சு பேர் மே லீவுல மலேசியா போறாங்களாம். கிள்ளான்ல தம்பி வொர்க் பெர்மிட்ல வேலை பார்க்கறாரு. லோக்கல் ஏஜென்ட் ஒருத்தர், கோலாலம்பூருக்குப் பக்கத்துல இருக்கற கெந்திங் மலைக்கு “உலகத்துலயே பெரிய ஹோட்டல், 5 ஸ்டார், தீம் பார்க் ஃப்ரீ, விசா செலவு, டூரிசம் டாக்ஸ் எல்லாம் சேர்த்து”ன்னு ஒரு பேக்கேஜ் குடுத்திருக்காரு. இதை நம்பலாமா, கேசினோ இருக்கற இடமாமே, பசங்களோட அங்க தங்கலாமா? இதுதான் கேள்வி.

தங்கலாம், தாராளமா தங்கலாம். ஆனா அந்த பேக்கேஜ் பேப்பர்ல இருக்கற ஒவ்வொரு வார்த்தையையும் பிரிச்சுப் பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. இருபது வருஷமா டிக்கெட், டூர் வேலை பார்க்கறேன், இதே கெந்திங் விஷயத்துல ஏமாந்து வந்து என் முன்னாடி உட்கார்ந்த குடும்பம் எத்தனையோ. நம்ம ஊர்ல ஜென்டிங்னு சொல்வோம், அங்க இருக்கற தமிழங்க கெந்திங்னுதான் சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

முதல்ல ஹோட்டல். ஏஜென்ட் சொல்றது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல். உலகத்துலயே அதிக ரூம் உள்ள ஹோட்டல்ங்கறது உண்மைதான். 2006ல 6,118 ரூமோட கின்னஸ்ல வந்துச்சு, அப்புறம் லாஸ் வேகாஸ்ல ஒட்டி ஒட்டி இருக்கற ரெண்டு ஹோட்டலைச் சேர்த்து 7,117னு கணக்குக் காட்டி அந்தப் பட்டத்தை வாங்கிட்டாங்க, கெந்திங்காரங்க இன்னொரு டவர் கட்டி 2015ல 7,351 ரூமோட திரும்ப வாங்கிட்டாங்க. ஆனா 5 ஸ்டார்ங்கறது பொய். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் 3 ஸ்டார் ஹோட்டல். அதே மலை மேல 5 ஸ்டார் ஹோட்டலும் இருக்கு, அதோட போட்டோவைப் போட்டு இதோட ரூமை விக்கறதுதான் நம்ம ஆளுங்க வழக்கமா பண்றது. போட்டோல பெரிய சோபாவும் பாத்டப்பும் இருந்துச்சுன்னா சந்தேகப்படுங்க.

3 ஸ்டார்னா மட்டம்னு நான் சொல்லல. அந்த இடம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா ரூம் ஏன் அப்படி இருக்குன்னு புரியும். லிம் கோ டோங்னு ஒரு கான்ட்ராக்டர், சீனாவுல ஃபூஜியன் பக்கம் பிறந்து 1937ல மலாயா வந்தவரு. 1964ல கேமரன் மலைல நீர்மின் திட்ட வேலைல இருந்தப்ப ராத்திரி அந்தக் குளிரை அனுபவிச்சுட்டு, இதே மாதிரி குளிர் கோலாலம்பூருக்குப் பக்கத்துல கிடைச்சா சாதாரண ஜனம் வந்து போக முடியுமேன்னு யோசிச்சிருக்காரு. தேடிப் பார்த்து சுமார் 6,000 அடி உயரத்துல உலு காளி மலையைப் பிடிச்சாரு. அப்ப அங்க ரோடே கிடையாது, வெறும் காடு. 1965ல கம்பெனி ஆரம்பிச்சு, தானே காட்டை வெட்டி ரோடு போட்டு மேல ஏறினாரு. 1969 மார்ச் 31ல பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினாரு, அந்த வருஷமே கேசினோ லைசென்ஸ் கிடைச்சுது, 1971 மே மாசம் ஹோட்டல் திறந்தாங்க. தனியார் காசுல போட்ட ரோடு, தனியாருக்குக் கிடைச்ச ஒரே கேசினோ லைசென்ஸ், இந்த ரெண்டும்தான் இன்னிக்கு நீங்க பார்க்கற ஊருக்கே அடிப்படை.

அதனாலதான் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் இப்படி இருக்கு. மலைக்கு மேல கூட்டத்தைக் கொண்டு வரணும், ராத்திரி படுக்க இடம் குடுக்கணும், பகல் பூரா அவங்க வெளிய சுத்தி செலவு பண்ணணும். ரூம்ல உட்கார்ந்து டிவி பார்க்கறதுக்காகக் கட்டினது இல்ல. ஸ்டாண்டர்ட் ரூம் சின்னது, கட்டிலைச் சுத்தி பெட்டியை விரிச்சு வைக்கவே இடம் பார்க்கணும். ஏசி கிடையாது. ஏசி இல்லையான்னு கோவப்படாதீங்க, ராத்திரி வெளிய 15, 16 டிகிரிக்கு இறங்கும், ஜன்னலுக்கு வெளிய மேகம் வந்து ஒட்டிக்கிட்டு எதிர் டவரே தெரியாது, நீங்களே கம்பளியைத் தேடுவீங்க. அஞ்சு பேருக்கு ஒரே ரூம் பத்தாது, ரெண்டு ரூம் வேணும், அதை ஏஜென்ட் பேப்பர்ல ரெண்டு ரூம்னே போட்டிருக்காரான்னு பாருங்க. “எக்ஸ்ட்ரா பெட் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்”னு வாயால சொன்னா ஒத்துக்காதீங்க.

கேசினோ பயம் தேவையில்ல. 21 வயசுக்குக் கீழ உள்ள விட மாட்டாங்க, முஸ்லிம்களுக்கு அனுமதி இல்ல, வாசல்ல ஆள் நின்னு பார்த்துதான் விடுவாங்க. நீங்க நடக்கற வழியில அந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். பசங்களோட வர்ற குடும்பம்தான் அங்க நிறைய.

இப்ப எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடத்துக்கு வர்றேன். “தீம் பார்க் ஃப்ரீ.” எந்த பார்க்? அங்க ரெண்டு இருக்கு. ஒண்ணு ஸ்கைட்ரோபாலிஸ், 2018 டிசம்பர்ல திறந்தது, ஃபர்ஸ்ட் வேர்ல்ட் பிளாசாவுக்கு உள்ளயே கூரைக்குக் கீழ இருக்கு. அதுக்குள்ள நடந்து போய் சுத்திப் பார்க்கறதுக்குக் காசே கிடையாது, ரைடு ஏறத்தான் காசு. அப்ப “ஃப்ரீ என்ட்ரி”ன்னு பேப்பர்ல போட்டா அது பொய்யும் இல்ல, உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கப் போறதும் இல்ல. இன்னொண்ணு வெளிய திறந்த வெளில இருக்கற பெரிய பார்க், கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ், 2022 பிப்ரவரி 8ல திறந்தது, சுமார் 26 ஏக்கர், ஒன்பது பகுதி. உங்க பசங்க யூடியூப்ல பார்த்துட்டு ஆசைப்படறது இதைத்தான். இதுக்குத் தனி டிக்கெட், தேதி போட்ட டிக்கெட். ஏஜென்ட் விக்கறது பெரும்பாலும் முதல் பார்க், காட்டற வீடியோ ரெண்டாவது பார்க்.

இன்னொரு கூத்து, இன்னமும் சில பேர் கைல பழைய பிரோஷர் வச்சிருக்காங்க. பழைய அவுட்டோர் பார்க்கை 2013 செப்டம்பர்லயே மூடிட்டாங்க. அந்த இடத்துல ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பேர்ல பார்க் வரப் போகுதுன்னு அறிவிச்சாங்க, ஃபாக்ஸை டிஸ்னி வாங்கின சமயத்துல சண்டையாகி 2018 நவம்பர்ல கெந்திங் கோர்ட்டுக்குப் போச்சு, 2019ல சமாதானம் ஆச்சு, கடைசில பேர் மாத்திதான் திறந்தாங்க. அதனால பிரோஷர்ல ஃபாக்ஸ் வேர்ல்ட்னு இருந்தாலோ பழைய பார்க் படம் இருந்தாலோ, அந்த ஏஜென்ட் பத்து வருஷமா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலன்னு அர்த்தம். அவர்கிட்ட ஃப்ளைட் டிக்கெட்டுக்குக் கூட காசு குடுக்காதீங்க.

அடுத்தது டூரிசம் டாக்ஸ். 2017 செப்டம்பர் 1ல இருந்து வெளிநாட்டுக்காரங்க தங்கற ரூமுக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட். ரூமுக்கு. ஆளுக்கு இல்ல. உங்க ஏஜென்ட் அஞ்சு பேர், ஆளுக்கு 10, மொத்தம் 50 ரிங்கிட்னு எழுதியிருக்காரு, நீங்க அனுப்பின படத்துல தெளிவாத் தெரியுது. ரெண்டு ரூம், ஒரு ராத்திரி, 20 ரிங்கிட்தான் வரும். மிச்சம் 30 ரிங்கிட் யாருக்குப் போகுதுன்னு கேளுங்க. பல இடத்துல இதை ஹோட்டல்லயே நேரா வாங்கிக்குவாங்க, அப்ப ஏஜென்டுக்கும் கட்டி ஹோட்டலுக்கும் கட்டி ரெண்டு தடவை அழுவீங்க.

தம்பி பேர்ல ரூம் போட்டா இந்த வரி வராதுல்லன்னு கேட்டிருக்கீங்க. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதுல நிறைய பேர் கவுன்டர்ல நின்னு சண்டை போட்டுட்டு வர்றாங்க. விலக்கு யாருக்குன்னா மலேசியக் குடிமக்களுக்கு, அப்புறம் அங்க நிரந்தரவாசி அந்தஸ்து உள்ளவங்களுக்கு. குடிமக்கள் மைகார்டு காட்டணும், நிரந்தரவாசிகள் மைபிஆர் கார்டு காட்டணும். உங்க தம்பி அங்க எட்டு வருஷமா இருக்கலாம், சம்பளத்துல வரி கட்டலாம், மலாய் சரளமாப் பேசலாம், ஆனா அவர்கிட்ட இருக்கறது இந்தியன் பாஸ்போர்ட்டும் வொர்க் பெர்மிட்டும். அந்தக் கணக்குல அவரும் வெளிநாட்டுக்காரர்தான். அங்கயே பிறந்து வளர்ந்த சொந்தக்காரர் கையில மைகார்டு இருக்கும், அவருக்கு வரி இல்ல. பக்கத்து வீட்லயே குடியிருக்கற வொர்க் பெர்மிட் தம்பிக்கு வரி உண்டு. 10 ரிங்கிட் விஷயம்தான், அதுக்காக அவர் பேர்ல போட்டுக் குழப்பிக்காதீங்க, உங்க பாஸ்போர்ட்ல இருக்கற பேர்லயே போடுங்க.

பேர்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. சில வருஷம் முன்னாடி ஒரு தஞ்சாவூர் குடும்பம், வேற ஒரு ஏஜென்ட் மூலமா போயிருந்தாங்க, அங்க இருந்து எனக்குப் போன் பண்றாங்க. ஃபர்ஸ்ட் வேர்ல்ட் லாபில செக் இன் பண்றதுக்கு வரிசையா மெஷின் வச்சிருக்கும், ஏடிஎம் மாதிரி. இவங்க வவுச்சர்ல இருந்த நம்பரை அடிக்கறாங்க, இல்லங்குது. திரும்ப அடிக்கறாங்க, இல்லங்குது. பின்னாடி வரிசை நிக்குது, பாட்டி பெட்டி மேல உட்கார்ந்துட்டாங்க. கடைசில கவுன்டர்ல போய் நின்னு கேட்டா, அந்த நம்பர் ஏஜென்ட் தானே போட்டுக்கிட்ட சீரியல் நம்பர், ஹோட்டல் குடுத்த கன்ஃபர்மேஷன் நம்பரே இல்ல. பேரும் அப்பா பேரும் இடம் மாறிக் கிடந்துச்சு. சாயந்தரம் ஆறு மணிக்குதான் ரூம் கிடைச்சுது. அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே ஹோட்டலோட கன்ஃபர்மேஷன் நம்பர், எந்த டவர், எந்த வகை ரூம், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர், இத்தனையும் கைல வாங்குங்க. தர முடியாதுன்னா அவர் இன்னும் ரூமே போடலன்னு அர்த்தம். இதெல்லாம் வேணாம்னா ஹோட்டல் இணையதளத்துல நீங்களே போடலாம், கார்டு இருந்தா பத்து நிமிஷ வேலை. ஆனா சனிக்கிழமை ராத்திரியையும் அங்க ஸ்கூல் லீவு நாளையும் தவிர்த்துடுங்க, அதே ரூம் ரேட் எங்கயோ போய் நிக்கும்.

விசா செலவுன்னு ஒரு வரி போட்டிருக்காரே, அதை அடிச்சுடுங்க. 2023 டிசம்பர் 1ல இருந்து இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு ஆக்கி, 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. அதுக்குப் பதிலா டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, அங்க போய் இறங்கறதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அது சுத்தமா இலவசம். ஆனா கூகுள்ல தேடினா மேல மேல வர்றது காசு வாங்கற தனியார் சைட்டு, பார்க்க அரசாங்க சைட் மாதிரியே இருக்கும். முகவரில சைட்டோட பேர், அதாவது முதல் சாய்கோட்டுக்கு முன்னாடி இருக்கற பகுதி, “ஜிஓவி டாட் எம்ஒய்”னு முடியுதான்னு பார்த்துட்டு நிரப்புங்க. இலவசமா குடுக்கற ஒரு விஷயத்தை ஜனங்க கண்ணுக்கு முதல்ல தெரியற மாதிரி வைக்க ஒரு அரசாங்கத்தால முடியலங்கறது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

நம்ம ஊர் அரசாங்கம் மட்டும் என்ன. வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ்னு, வருமான வரில முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பாங்க, அதோட விகிதத்தை மாத்தி மாத்தி வச்சு, எனக்கே பில் போடும்போது ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டியிருக்கு, ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான், அது செலவு இல்ல, உங்க பான் கணக்குல வரவு வைக்கணும், ரிட்டர்ன் போடும்போது வரில கழிச்சுக்கலாம் இல்லைன்னா திரும்ப வாங்கலாம். பான் நம்பரே கேட்காம “கவர்ன்மென்ட் டாக்ஸ்”னு ஒரு ஏஜென்ட் பிடிச்சாருன்னா அந்தக் காசு உங்க கணக்குல வரவு ஆகாது. ஃப்ளைட் டிக்கெட் தனியா, ஹோட்டல் தனியா நீங்களே போட்டா இந்த வரி பேச்சே வராது.

கடைசியா அம்மா விஷயம். ஏஜென்ட் பேப்பர்ல ஒரே நாள் காலைல பத்துமலை, மதியம் கெந்திங்னு இருக்கு. அம்மா பத்துமலைக்கு வந்துட்டு 272 படி ஏறாம இருக்க மாட்டாங்க, 140 அடி முருகன் சிலையைக் கீழ நின்னு பார்த்துட்டுப் போகலாம்னு சொன்னா கேட்பாங்களா? 45 நிமிஷம்தான் வண்டி நிக்கும்பான், அவங்க அவசரத்துல ஏறி இறங்கி, அதோட மேல குளிர்ல கொண்டு போய் நடக்க விட்டா முட்டி தாங்காது. பத்துமலையைத் தனி நாளா வைங்க, தம்பியே கூட்டிட்டுப் போவாரு.

கெந்திங்குக்கு டூர் வண்டிகூட அவசியமில்ல. கோலாலம்பூர் ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல்ல இருந்து பஸ் இருக்கு, அவானா வரைக்கும் போகும், அங்க இருந்து அவானா ஸ்கைவே கேபிள் காரு, 2.8 கிலோமீட்டர், பத்து நிமிஷத்துல மேல. நடுவுல சின் ஸ்வீ கோயில் ஸ்டேஷன்ல இறங்கிப் பார்த்துட்டு திரும்ப ஏறலாம், லிம் கோ டோங் கட்டின கோயில்தான், அம்மாவுக்குப் பிடிக்கும். தரை கண்ணாடியா இருக்கற கேபின் வேணும்னா கூடுதல் காசு, அம்மாவை அதுல ஏத்தாதீங்க. ரூம் மதியம் 3 மணிக்கு மேலதான், அதனால பெட்டியைக் குடுத்து வச்சுட்டு அன்னிக்கு ஸ்கைட்ரோபாலிஸை முடிங்க, ஸ்கைவேர்ல்ட்ஸ் டிக்கெட்டை மறுநாள் தேதிக்கு எடுங்க. மழை, இடி வந்தா வெளி ரைடை நிறுத்திடுவாங்க, அதனால காலைல திறந்த உடனே உள்ள போயிடுங்க. திரும்பி வர்ற பஸ் சீட்டையும் போகும்போதே புக் பண்ணிடுங்க, சாயந்தரம் பஸ் நிறைஞ்சுட்டா கீழ இறங்க டாக்ஸிக்காரன் கேட்கறதுதான் ரேட்.

ஏஜென்ட் புது பேப்பர் குடுத்தா அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி அதையும் படம் எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.