விருந்தாளியா, வீட்டுப்பிள்ளையா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

லண்டன் பள்ளி ஒன்றில் மதிய உணவு நேரத்து வேலை பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் கோயம்புத்தூர்க்காரி. எட்டு ஆண்டுகளாக எட்ஜ்வேரில் இருக்கிறேன். கணவர் யூதர். அவர் வீட்டில் பெரிய ஆசாரம் ஒன்றும் கிடையாது. ரிஃபார்ம் என்ற தாராளப் பிரிவின் ஜெப ஆலயத்தில் உறுப்பினர், வெள்ளிக்கிழமை மாலை மெழுகுவர்த்தி, யோம் கிப்பூர் அன்று விரதம், அவ்வளவுதான். நான் மதம் மாறவில்லை, யாரும் மாறச் சொல்லவும் இல்லை. அடுப்படி அலமாரியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார்.

மகளுக்கு வரும் செப்டம்பரில் பள்ளி. ஜனவரி 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேத்தி, பழைய சட்டங்களை அப்படியே பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் யூதப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்கிறார் மாமியார். அங்கேதான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பது அவர் கட்சி. எல்லாப் பிரிவினரும் சேர்ந்து படிக்கும் யூதப் பள்ளி போதும் என்கிறார் கணவர். எனக்கோ தெருமுனையில் இருக்கும் சாதாரணப் பள்ளியே போதும் என்று தோன்றுகிறது. ஆனால் நானே பன்னிரண்டு வருடம் கான்வென்ட்டில் ஜெபம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்டவள். அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. இதற்கு மட்டும் ஏன் பயப்படுகிறேன் என்று புரியவில்லை. எங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ச., லண்டன்

*

அன்புள்ள ச.,

கான்வென்ட்டைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்துக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

நானும் கான்வென்ட்டில் படித்தவள்தான். காலையில் மாதாவையும் மாலையில் மாரியம்மனையும் கும்பிட்டதில் நமக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை. ஏனென்றால் அங்கே நாம் விருந்தாளிகள். அது சிஸ்டர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். விருந்துக்குப் போன வீட்டில் அவர்கள் வழக்கப்படி கைகூப்பிவிட்டுச் சாப்பிட்டு வருகிறோம். நீ இந்த வீட்டுப் பிள்ளைதானா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படி விருந்தாளிகள் நிறைந்த யூதப் பள்ளிகளும் உண்டு. கொல்கத்தாவில் 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். பர்மிங்காமில் உள்ள கிங் டேவிட் தொடக்கப்பள்ளியிலும் முஸ்லிம் பிள்ளைகளே அதிகம். எபிரேயப் பாட்டைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தொழுகிறார்கள். இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் மதப் பள்ளியில் இடம் மீதமிருந்தால், கேட்டு வருகிற பிள்ளை எந்த மதமானாலும் சேர்த்தாக வேண்டும். நம் கான்வென்ட் கதையேதான்.

உங்கள் மகள் கதை வேறு. அவள் அப்பா வீட்டுக்குப் போகிறாள்.

அந்த வீட்டில் முதலில் விசாரிப்பது அம்மாவைப் பற்றி. ஆர்த்தடாக்ஸ் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்த பிள்ளைதான் யூதப் பிள்ளை. இல்லையென்றால் அவர்கள் ஏற்கும் ரபிகளின், அதாவது மதகுருக்களின் முன் முறைப்படி மாறியிருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையையும் யூதராக வளர்த்தால் போதும் என்கிறது லிபரல் பிரிவு. உங்கள் ரிஃபார்ம் ஜெப ஆலயத்திலும் இன்று இதற்கு வழி உண்டு, ரபியிடம் கேளுங்கள். ஆக, வாசற்படி மாறினால் அதே பிள்ளை வேறு ஆளாகிவிடுகிறாள்.

இது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. கென்டனில், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பக்கத்தில், 2002 முதல் இருக்கிறதே ஜே.எஃப்.எஸ். என்ற யூத மேல்நிலைப்பள்ளி, அதில் சேர ஒரு பையன் விண்ணப்பித்தான். 1732ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் பள்ளி அது. ஒரு காலத்தில் கிழக்கு லண்டனுக்கு அகதிகளாக வந்த ஏழை யூதப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் ஆங்கிலேயராக்கி அனுப்பிய இடம். பையனின் தகப்பனார் பிறப்பால் யூதர். தாய் இத்தாலியக் கத்தோலிக்கராகப் பிறந்து, ஆர்த்தடாக்ஸ் அல்லாத பிரிவில் யூதராக மாறியவர். பையன் ஒழுங்காக ஜெப ஆலயம் போகிறவன். இடம் கிடைக்கவில்லை. கடவுளே இல்லை என்று சொல்கிற குடும்பத்துப் பிள்ளைக்குக்கூடத் தாய்வழி சரியாக இருந்தால் இடமுண்டு, இவனுக்கு இல்லை. 2009 டிசம்பரில் 9 நீதிபதிகளில் 5 பேர், தாய்வழி பார்த்துச் சேர்ப்பது சட்டத்தின் கண்ணில் இனப் பாகுபாடுதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பள்ளிக்காரர்கள் இனவெறியர்கள் என்று இதற்குப் பொருளில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

அன்றிலிருந்து பள்ளிகள் பிறப்பைக் கேட்க முடியாது, நடப்பைத்தான் கேட்கலாம். எத்தனை முறை ஜெப ஆலயம் போனீர்கள் என்று ஒரு துணைப் படிவம், அதில் ரபியின் கையெழுத்து. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையான ஓய்வுநாள் ஷபாத், அன்று எழுதக்கூடாது என்பதால் வருகைப் பதிவு எப்படி என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு தோழியுடன் போனபோது பார்த்தேன். பெயர் அச்சிட்ட சீட்டுகளை முதல் நாளே அடுக்கி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் தங்கள் சீட்டை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். நியாயவிலைக் கடை வரிசையில் நின்று பழகிய எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று வந்து கடைசியில் அங்கேயே ஒன்றிப்போன குடும்பங்களும் உண்டாம், தோழி சொன்னாள்.

ஆகவே மாமியார் சொல்லும் பள்ளியில் உங்கள் மகளுக்கு இடம் கிடைக்கக்கூடும். இடம் கிடைத்த பிறகு என்ன என்பதுதான் என் கவலை.

நான் வேலை பார்த்த பள்ளி எதுவென்று சொல்லப் போவதில்லை. ஆர்த்தடாக்ஸ் பள்ளி, நல்ல பள்ளியும்கூட. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, தான் பாதி பிரேசில் பாதி யூதர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தவள் தயிர் டப்பாவை நக்கி முடித்துவிட்டு, "பாதி என்றெல்லாம் கிடையாது. எந்தப் பாதி உன் அம்மா?" என்று கேட்டாள். அதில் துளி வன்மம் இல்லை. கணக்கில் விடையைத் திருத்துவது போலத்தான் கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்லாமல் தன் சாண்ட்விச்சின் ஓரத்தைக் கிள்ளிக்கிள்ளிப் பொடியாக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்த் தண்ணீர் ஊற்றினேன். வேறென்ன செய்வது? ஆசிரியையிடம் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். ஆனால் கேட்டவள் சொன்னது தவறு என்று சொல்ல அவருக்கு வழியில்லை. பள்ளியின் சட்டப்படி அவள் சொன்னதுதான் சரி.

விருந்தாளிக்கு இந்த வலி வராது. வீட்டுப்பிள்ளைக்கும் வராது. இரண்டும் இல்லாமல் திண்ணையில் நிற்கிற பிள்ளைக்குத்தான் வரும். நீங்கள் பயப்படுவது இதற்கு என்றுதான் நினைக்கிறேன். ஆகவே என் ஓட்டு மாமியாருக்கு இல்லை. அவர் மனம் நோகாமல் இதைச் சொல்வது உங்கள் கணவரின் வேலை, உங்கள் வேலை இல்லை.

அடுத்தது பிள்ளையார். யூதப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆபிரகாமின் தகப்பன் தேராகு சிலை விற்கிறவன். கடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வெளியே போகிறான். பையன் தடியை எடுத்து எல்லாச் சிலைகளையும் உடைத்துவிட்டு, பெரிய சிலையின் கையில் தடியை வைத்துவிடுகிறான். படையலுக்கு அடித்துக்கொண்டார்கள், பெரியவர் மற்றவர்களை நொறுக்கிவிட்டார் என்கிறான். சிலைக்கு என்னடா தெரியும் என்று தகப்பன் கத்த, நீங்கள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா என்று கேட்கிறான். இது ஆதியாகமத்தில் இல்லை, வேதத்துக்கு ரபிகள் பிற்காலத்தில் சொன்ன மித்ராஷ் என்ற விளக்கக் கதை. அருமையான கதை. 1953இல் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்த நாட்டிலிருந்து வந்த நமக்கு இதன் ருசி தெரியும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஐந்து வயதுக்காரி உங்கள் அடுப்படி அலமாரியை அண்ணாந்து பார்ப்பாள்.

பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் தலைமையாசிரியரிடம் இதையே கேளுங்கள். "எங்கள் வீட்டில் பிள்ளையார் இருக்கிறார். ஆபிரகாம் கதை சொல்லும் அன்று என் மகளிடம் என்ன சொல்வீர்கள்?" இருபது கேள்விகளை எழுதிக்கொண்டு போக வேண்டாம், இது ஒன்று போதும். அதெல்லாம் சின்ன விஷயம் என்று சிரித்து மழுப்பினால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இதற்கு முன் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் உட்காருங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் வகையில் ஃபிஞ்ச்லியில் அகிவா இருக்கிறது, 1981இல் தொடங்கியது. மஸ்வெல் ஹில்லில் ஈடன், 2011இல் வந்தது. அரசுப் பணத்தில் புதிதாகத் தொடங்கும் ஃப்ரீ ஸ்கூல் வகை என்பதால் போட்டி இருந்தால் பாதி இடங்களை மதம் பார்க்காமல்தான் தர வேண்டும். உங்களுக்குத் தூரம், ஆனாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். போவதென்றால் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை போங்கள். சின்ன வகுப்புகளில் ஷபாத்தை வரவேற்கும் சடங்கு நடக்கும். ஒரு பையன் 'ஷபாத் அப்பா', ஒரு பெண் 'ஷபாத் இம்மா'. எபிரேயத்திலும் அப்பா அப்பாதான். முதல் தடவை ஆசிரியை அப்பா, அப்பா என்று கூப்பிட்டதைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். (தோகைதான் பழைய எபிரேயத்தில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' ஆனது என்ற தகவலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். லண்டனில் தமிழரோடு பழகிய யூதர்கள் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டார்கள்.)

தெருமுனைப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நடுநிலை என்று நினைக்கிறீர்கள். சட்டப்படி அங்கேயும் தினசரி வழிபாடு உண்டு, அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும். டிசம்பரில் நம் பிள்ளைகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இடையர்களாக மேடையேறுவதைப் பார்த்துக் கைதட்டியிருப்பீர்களே. விருந்தாளி வாழ்க்கைதான், சுகமானது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஜெப ஆலயத்தில் ஹேதர் என்ற மத வகுப்புக்கு அனுப்பலாம். தமிழ்ப் பள்ளி பெரும்பாலும் சனிக்கிழமை. ஷபாத்தும் அன்றுதான். இந்தச் சண்டை உங்கள் வீட்டுக்கு எப்படியும் வரப்போகிறது, இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சில்லறை. ஆனால் சில்லறைதான் தினமும் கையில் இருப்பது. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால் பல யூதப் பள்ளிகள் வெள்ளிக்கிழமை மதியமே மூடிவிடும். யார் போய் அழைத்து வருவது? செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று விடுமுறைகள் வரிசைகட்டும். யூதப் பாடங்களுக்கும் காவலுக்கும் என்று நன்கொடை கேட்பார்கள், ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் கேட்கும் பள்ளிகளும் உண்டு. சட்டப்படி அது கட்டாயமில்லை, கொடுக்காததற்காக இடம் மறுக்கவும் முடியாது. யூதப் பாடங்களை, பள்ளிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் சோதிப்பதில்லை. அதற்குப் 'பிகுவாக்' என்று தனிச் சோதனை இருக்கிறது, அந்த அறிக்கையை வாங்கிப் படியுங்கள். இட்லி கொண்டுபோகலாம் என்பார்கள், ஆனால் பிறந்தநாளுக்கு நீங்கள் சுட்ட முறுக்கை வகுப்பில் பங்கிட, யூத உணவுச் சட்டத்துக்கு ஏற்றது என்று காட்டும் கோஷர் முத்திரை கேட்கிற பள்ளிகளும் இருக்கின்றன. நான் பார்த்த பள்ளியில் ஒரு தாய், இரண்டு நாள் உட்கார்ந்து செய்த கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்று, போகிற பெற்றோருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தாள். பாதிப் பேர் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று பள்ளிகளையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை வரிசைப்படுத்தலாம், ஆகவே மாமியாரின் பள்ளியையும் கீழே எங்காவது போடலாம், வீட்டில் அமைதி கிடைக்கும். ஆனால் கீழே போட்ட பள்ளியும் கிடைத்துவிடக்கூடும் என்பதை மறக்காதீர்கள். துணைப் படிவத்தை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் ரபியின் வாசலில் கூட்டமாக இருக்கும்.