புறக்கணிப்பில் வளரும் குழந்தைக்குப் பேச்சும் யோசனையும் பின்தங்குமா?

ஆம், பின்தங்கும். ருமேனியாவின் அனாதை இல்லங்களில் ஒரு காலத்தில் வரிசையாகத் தொட்டில்கள் இருந்தன, ஆனால் அழுகைச் சத்தமே இல்லை. அழுதாலும் யாரும் வராததால் குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தார்கள். படித்தபோது மனசு கனத்துவிட்டது. குழந்தை "ங்கா" என்றால் ஒருவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

2000-இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில், இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நாலரை வயதில் சராசரி நுண்ணறிவு எண் இல்லத்துக்கென ஒதுக்கப்பட்டவர்களுக்கு 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, பெற்றோரிடமே வளர்ந்தவர்களுக்கு 109. பேச்சுக்கு வயது ரொம்ப முக்கியம்: சுமார் 15 மாதத்துக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் சக வயதினரைப் போலவே பேசினார்கள். 2 வயது தாண்டிப் போனவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள்.