ஜப்பானில் மகளின் 20 வயது விழாவுக்கு இரவல் ஃபுரிசோதே உடுத்தலாமா?

20 வயதை எட்டுவோருக்கு ஜப்பானில் நடக்கும் விழாவில், தோழியின் தாயார் தரும் பழைய ஃபுரிசோதேயை, அதாவது நீண்ட கை வைத்த கிமோனோவை, மகள் உடுத்தினால் குறைவாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிமோனோ வாடகைக் கடைக்காரர்தான் உங்களைக் கலங்க வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அதுவே நடந்தது.

விழா ஜனவரி மாத இரண்டாம் திங்கட்கிழமைதான் என்றாலும், மகள் பள்ளி இறுதியாண்டில் இருந்தபோதே வாடகைக் கடைகளின் வண்ணப் புத்தகங்கள் எங்கள் தோக்கியோ முகவரிக்கு வரத் தொடங்கிவிட்டன. "அனைத்தும் சேர்த்து" என்று ஒரு கடையில் சொன்ன தொகையில், உடுத்திவிடும் கூலியும் தலை அலங்காரமும் சேரவில்லை என்பது கையெழுத்திடும் நேரத்தில்தான் தெரிந்தது. எழுந்து வந்துவிட்டோம். எல்லாக் கடைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மையார், தம் மகள் உடுத்திய ஃபுரிசோதேயைக் காகித உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். தாயின் ஃபுரிசோதேயை மகள் உடுத்துவதற்கு ஜப்பானியர்களே 'மமாஃபுரி' என்று பெயர் வைத்திருக்கும்போது, பழையது என்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மணமாகாத பெண்ணின் உடை என்பதற்கு அடையாளமே வீசித் தொங்கும் அந்த நீண்ட கைதான். எங்களுக்குக் கிடைத்ததில் அது ஏறக்குறைய 1 மீட்டர் தொங்கியது.

நீங்கள் பார்க்க வேண்டியது 'யுகி' எனப்படும் அளவை, அதாவது பின்கழுத்தின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளத்தை. உடையின் உயரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இடுப்பு மடிப்பில் சமாளித்துவிடலாம். யுகி குறைந்தால் மணிக்கட்டு வெளியே நிற்கும். என் மகள் நல்ல உயரம் என்பதால் எங்களுக்கு யுகி 3 சென்டிமீட்டர் குறைந்தது. உள்ளே மடித்துத் தைத்த துணி இருந்ததால் தையற்காரர் பிரித்து விட்டார். ஆனால் வெளிச்சம் படாமல் கிடந்த அந்தப் பகுதி நிறம் மங்காமல் இருந்ததால், தோளோரம் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. புகைப்படத்தில் அது என் கண்ணுக்கு மட்டுமே படுகிறது என்கிறாள் மகள்.

பட்டுப்புடவை கட்டியிருக்கலாமே என்று ஊரிலிருந்து கேட்டவர்களும் உண்டு. கட்டியிருக்கலாம்தான், ஆனால் அவள் தன் வகுப்புத் தோழிகளோடு நிற்க விரும்பினாள், அதில் நான் குறுக்கிடவில்லை.

உடுத்திவிடுபவரிடம் இப்போதே நேரம் கேட்டு வையுங்கள். எங்களுக்குக் கிடைத்தது விடியற்காலை 5 மணி. கைப்பையில் துணிக் கிளிப்புகள் இரண்டு இருக்கட்டும். கழிவறையில் அந்த நீண்ட கைகளைத் தூக்கிப் பிடிக்க வேறு வழியில்லை.