பட்டையில் ஒட்டிய பொத்தான்கள்: போர்பாக்ஸ் ஆர்க்கிட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (வால்பாறை): எங்கள் நிழல் மரத்தின் பட்டையில், சட்டைப் பொத்தான்களை நெருக்கமாக ஒட்டிவைத்ததுபோல் இலையே இல்லாமல் ஏதோ இருக்கிறது. பூஞ்சையா?

பதில்: நீங்கள் விவரிப்பது போர்பாக்ஸ் ரெடிகுலேட்டா என்னும் ஆர்க்கிட்டுக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு பொத்தானும் நீரைச் சேமிக்கும் போலிக்குமிழ், அதாவது தடித்த தண்டு. அதன் உறை மட்கி நரம்புகள் மட்டும் வலைபோல் எஞ்சுவதால் ‘ரெடிகுலேட்டா’ ஆயிற்று. ‘போர்பாக்ஸ்’ கேடயத்தின் கைப்பிடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1845இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி சூட்டிய பெயர். பருவமழை இறங்கியதும் இரண்டு சிற்றிலைகள் விரியும். அவற்றின் நடுவே, புல்லிதழ்கள் எனப்படும் வெளியிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகிய செந்நிறப் பூ எழும். அந்தப் பூவைக் காண ஒரு மழைக்காலம் காத்திருங்கள்.

கேள்வி (கூடலூர்): புல்லுருவியைப் போல இதுவும் மரத்தை உறிஞ்சுமே, சுரண்டிவிடலாமா?

பதில்: கூடாது. புல்லுருவி மரத்தின் உள்ளே உறிஞ்சுவேரைச் செலுத்துகிறது. ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேலேயே நின்று, ‘வெலாமென்’ என்னும் பஞ்சுபோன்ற உறையால் மழைநீரையும் அதில் கரைந்துவரும் சத்தையும் ஈர்த்துக்கொள்கிறது.

கேள்வி (மீண்டும் கூடலூர்): ஆனால் இது படர்ந்த கிளைதானே பட்டுப்போயிற்று?

பதில்: சொரசொரப்பாகிப் பாசி பிடித்த முதிய கிளையில்தான் இது எளிதில் நிலைகொள்கிறது, முதிய கிளை பட்டுப்போவதும் இயல்பு. இரண்டும் ஒரே இடத்தில் நிகழ்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மரத்தின் மேல் பெருந்திரளாக வளரும் தொற்றுத்தாவரங்கள் தம் பாரத்தால் கிளையை முறிப்பதுண்டு என்பதை ஏற்கிறேன். பொத்தானளவுச் செடிக்கு அந்தப் பாரம் ஏது? தயவுசெய்து கத்தியைக் கீழே வையுங்கள்.

கேள்வி (சேலம்): காட்டிலிருந்து ஒரு கொத்து எடுத்துவந்து வளர்க்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். காப்புக்காட்டில் செடி பறிப்பது குற்றம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது; அங்கே சென்று ஆர்க்கிட்டுகளைப் பாருங்கள்.

கேள்வி (கோவை): விதை தூவி வளர்க்க இயலுமா?

பதில்: வீட்டில் இயலாது. தூசி போன்ற அந்த விதையில் உணவுச் சேமிப்பு இல்லை; இயற்கையில் உரிய பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும்.

கேள்வி (கொடைக்கானல்): ஒரே ஒரு குமிழ் எடுத்தாலுமா தவறு?

பதில்: சேலத்து நண்பருக்குச் சொன்னதே.

கேள்வி (ஏலகிரி): எங்கள் சொந்தத் தோட்டத்தில் கிளை ஒடிந்து விழுந்து, ஆர்க்கிட் தரையில் கிடக்கிறது.

பதில்: இதற்கு மட்டும் மகிழ்ச்சியோடு விதிவிலக்குத் தருகிறேன். செடியைப் பிரிக்காமல், ஒட்டியிருக்கும் பட்டைத் துண்டோடு, அருகிலுள்ள அதே வகை மரத்தில் சணலால் கட்டுங்கள். கோடையில் இலை உதிர்ந்ததும் செத்துவிட்டதென எண்ணி நீர் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். உறங்கும் குமிழ் அழுகிவிடும்.