அம்மம்மான்ட கொம்பெக்ட் தங்கமா, பித்தளையா?

கேள்வி: அக்கா, அம்மம்மா போன வருஷம் மோசம் போயிட்டா. அவான்ட அலுமாரியை ஒதுக்கேக்க சேலைகளுக்கு அடியில வட்டமா ஒரு பழைய பவுடர் கொம்பெக்ட், கண்ணாடி வச்ச சின்ன முகப்பவுடர் டப்பா, இருந்துது. தங்கக் கலர், மூடியில ரோசாப்பூ, பவுடருக்கு மேல இருக்கிற உள் மூடியில ஸ்ட்ராட்டன், மேட் இன் இங்கிலண்ட் எண்டு இருக்கு. செட்டியார் தெருவில ஒரு கடையில காட்டினா "பித்தளை தங்கச்சி, எறிஞ்சு போடுங்கோ" எண்டுட்டார். அம்மா பொலிஷ் போட்டு மினுக்கப் போறன் எண்டு நிக்கிறா. என்ன செய்ய?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதல்ல அம்மான்ட கையில இருந்து அந்தப் பொலிஷைப் பறியுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம். கடைக்காரர் சொன்னது சரிதான், உள்ளுக்குப் பித்தளை, மேல மெல்லிய முலாமும் அதுக்கு மேல லாக்கர் எண்ட வார்னிஷ் பூச்சும்தான், ஆனா அதாலதான் பொலிஷ் கூடாது எண்டுறன். நான் முதல் வாங்கின கொம்பெக்ட்டை ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தேய்ச்சன், துணியில மஞ்சளா வரேக்க ஊத்தைதான் போகுது எண்டு சந்தோஷப்பட்டன், பாத்தா போனது முலாம். இப்பவும் நடுவில வழுக்கை மாதிரி இருக்கு.

மெல்லிய ஈரத்துணியால துடைச்சு உடன காயவிடுங்கோ, காணும். பிணைச்சல் இடுக்கில இருக்கிற பவுடரைச் சின்னப் பெயின்ட் பிரஷ்ஷால தட்டி எடுங்கோ. கண்ணாடிக்கு ஒண்டும் ஸ்பிரே பண்ண வேண்டாம், ஓரத்தால தண்ணி இறங்கினா பின்னால இருக்கிற ரசம் கறுத்திடும். உங்கட பக்கம் கடல்காத்து வேற, அதால சிலிக்கா ஜெல் பக்கெட் ஒண்டோட பருத்தித் துணியில சுத்தி வையுங்கோ. பழைய பவுடரை முகத்தில மட்டும் போட்டுடாதேங்கோ. பஃப்பைக் கழுவவும் வேண்டாம், அதில அம்மம்மான்ட வாசம் இருக்கும், கழுவினா அது திரும்பி வராது.

இன்னொண்டு, மூடியைத் திறக்கேக்க உள் மூடி தானா எழும்புதா எண்டு பாருங்கோ. முந்தி அதை நகத்தால நெம்பித்தான் திறக்கோணும், கியூடெக்ஸ் போட்ட நகம் உடையும். ஸ்ட்ராட்டன்காரர் 1948ல, நமக்குச் சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம், தானா எழும்புற மூடியைக் கொண்டு வந்தவை. அப்பிடி எழும்பினா உங்கடது அதுக்குப் பிந்தினது. பர்மிங்காம் கம்பனி அது, ஸ்வெட்டர் பின்னுற ஊசியும் செஞ்சது, அம்மம்மா பின்னுறவ எண்டா தையல் பெட்டியையும் ஒருக்காக் கிண்டிப் பாருங்கோ.

கேள்வி: பவுடர், கன்னத்துக்குப் போடுற ரூஜ், லிப்ஸ்டிக் எல்லாத்துக்கும் அறை வச்ச ஒரு நீட்டுப் பெட்டி என்னட்ட இருக்கு. இதுவும் கொம்பெக்ட்டா? வெள்ளி எண்டு சொல்லித்தான் வித்தவை.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இதை வனிட்டி கேஸ் எண்டுவினம். 1930கள்ல பாரிஸில வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பல்ஸ் நகைக்காரர் இதைத் தங்கத்திலயே செஞ்சு மினோடியேர் எண்டு பேர் வச்சினம், பணக்காரப் பொம்பிளையளுக்குக் கைப்பைக்குப் பதிலா அதுதான். வெள்ளியோ எண்டு பாக்க லென்ஸ் ஒண்டு எடுங்கோ, மூடியின்ட உள்பக்கம் நடக்கிற சிங்கம் ஒண்டு முத்திரையாக் குத்தியிருந்தா இங்கிலாந்து ஸ்டெர்லிங், நூறுக்குத் தொண்ணூற்றி ரெண்டரைப் பங்கு வெள்ளி. பக்கத்தில நங்கூரம் இருந்தா பர்மிங்காமில சோதிச்சது, கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம், அதைப் பாத்து நானும் சிரிச்சிருக்கிறன். கூட ஒரு எழுத்தும் இருக்கும், அதை வச்சு வருஷத்தையே பிடிக்கலாம், வடிவா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ.