நீட் எழுத மாட்டேன், தவளையைப் படிக்கிறேன் என்கிறாளா?

சார், உங்கள் மகள் நீட் பக்கமே போகாமல் தவளை, பாம்பு பற்றித்தான் படிப்பேன் என்கிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், ஆனால் லேட்டாகத்தான் கிடைக்கும்.

முதலில் பி.எஸ்சி. விலங்கியல், அது பக்கத்து அரசுக் கல்லூரியாக இருந்தாலும் சரி. அப்புறம் எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் இருக்கிறது, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) இரண்டிலும் போட்டி கடுமை, ஆனாலும் எழுதிப் பார்க்கட்டும்.

கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். பாம்பு பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், இந்தப் படிப்புக்கு அது தகுதியே இல்லை. உதாரணத்துக்கு, 2017-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து ஒரு தவளையைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். கோவை சாகோனில் (சலீம் அலி பறவையியல் மையம்) ஊர்வன ஆய்வாளராக இருந்து காலமான பூபதியின் பெயர்தான் அதற்கு. பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும், அதன் தலைப்பிரட்டை பாய்கிற ஓடையில் பாறையை வாயால் கவ்விக்கொண்டு நிற்கும். கேரளப் பக்கத்து ஊதாத் தவளை வேறு, இது வேறு என்று காட்ட டி.என்.ஏ., கத்தும் ஒலியின் பதிவு, உடல் அளவுகள், இனப்பெருக்கக் காலம் எல்லாம் தேவைப்பட்டன. அதனால் புள்ளியியலும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் வேண்டும், ராத்திரி மழையில் அட்டைக்கடியோடு குறிப்பெடுக்கிற பொறுமையும் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். எம்.எஸ்சி. முடித்ததும் கிடைப்பது பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலை, ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் போச்சு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிக்க முப்பதை நெருங்கிவிடும் (சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்). வீட்டு வருமானம் அதுவரை தாங்காது என்றால் பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குப் போகலாம், விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், ஆய்வாளர்களே வனத்துறை அனுமதி வாங்கித்தான் தொடுகிறார்கள். கடும் விஷமுள்ள கட்டுவிரியனை விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு என்று நினைத்துத் தொட்டுவிடுவது சுலபம்.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள், அங்கே வேலை பார்ப்பவர்களிடம் சம்பளத்தையும் சேர்த்து அவளே கேட்கட்டும்.