மைனஸ் 60ஐ வச்சு என்ன பண்றது?

அண்ணா, எபாக்ஸி பிசின்ல கார்பன் நானோட்யூப் (கண்ணுக்குத் தெரியாத கார்பன் குழாய்) கலந்து மைக்ரோவேவ் உறிஞ்சுற ஷீட் செய்யறேன். 5 சதவீதத்துல சுமாரா வந்துது, 15 ஆக்கினேன், இன்னும் மோசமாயிடுச்சு. ஆய்வுப் பேப்பர்ல எல்லாரும் திரும்பி வர்ற அலை மைனஸ் 60 டெசிபல்னு காட்டுறாங்க. கிராஃபீனுக்கு (ஒரே அணு தடிமன் கார்பன் தாள்) மாறிடலாமா?
– ஓர் ஆய்வு மாணவர்

தம்பி,

கிராஃபீனோ ட்யூபோ, ஏதோ ஒண்ணு, அது ரெண்டாம்பட்சம். அந்த மைனஸ் 60தான் கண்ணை உறுத்துச்சு, கொஞ்ச நாளா இதே எரிச்சல்லதான் இருக்கேன்.

அலை உள்ள போனாத்தானேப்பா உறிஞ்ச முடியும்? காத்துப் பக்கம் இம்பீடன்ஸ் (அலைக்கு இருக்கிற தடை) 377 ஓம், ஷீட்டும் அதுக்குக் கிட்ட இருந்தாத்தான் அலை நுழையும், நீ ட்யூபை அள்ளி அள்ளிப் போட்டா எல்லாம் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு ஷீட்டே உலோகத் தகடு மாதிரி ஆயிடும், அலை மேலயே முட்டித் திரும்பிடும். கதவைச் சாத்திட்டு விருந்தாளி வரலைன்னு புலம்பினா எப்படி?

ஆன்டெனா டெஸ்ட் பண்ற அறைக்குள்ள முதல்முதலா போனது ஞாபகம் வருது. சுவரெல்லாம் கருப்புக் கூம்பு, தொட்டுப் பாத்தேன், விரல்ல கரி, நுனி ஒண்ணு உதிர்ந்தே போச்சு, அங்க இருந்த டெக்னீஷியன் திட்டின திட்டு இருக்கே! நானோவும் இல்ல ஒண்ணும் இல்ல, கார்பன் ஏத்தின பாலியூரித்தேன் ஃபோம், அவ்ளோதான். கூம்பு வடிவங்கிறதால நுனியில கொஞ்சமா, அடிக்குப் போகப் போக நிறைய கார்பன், அதனால அலைக்கு எந்த இடத்துலயும் சுவர் வந்த மாதிரியே தெரியாது.

சரி, அந்த 60. மைனஸ் 20ன்னா 99 சதவீதம் போயிடுச்சு, 40ன்னா 99.99, 60ன்னா 99.9999, இந்தக் கடைசி ரெண்டு ஒன்பதுக்கு யாருப்பா அழுதா? அதுவும் முக்கால்வாசி அளந்ததே இல்ல, பவுடரை பாரஃபின் மெழுகுல கலந்து 7 மில்லிமீட்டர் வளையம் பண்ணி பெர்மிட்டிவிட்டியும் பெர்மியபிலிட்டியும் (மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் பொருள் எப்படி நடந்துக்குதுன்னு சொல்ற எண்கள்) எடுத்துட்டு, மிச்சத்தை ஃபார்முலால போட்டு கம்ப்யூட்டர்ல தடிமனை நகர்த்தி நகர்த்திப் பாப்பாங்க, ஏதோ ஒரு தடிமன்ல ஊசி மாதிரி ஒரு பள்ளம் விழும், உடனே அதைத் தலைப்புல போட்டுருவாங்க. தடிமன் துளி மாறினா அந்த ஊசி காணாமப் போயிடும். கேக்க வேண்டியது, இந்தத் தடிமனுக்கு மைனஸ் 10க்குக் கீழ, அதாவது 90 சதவீதத்துக்கு மேல உறிஞ்சி, எத்தனை கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு நிக்குதுன்னுதான், அதான் பேண்ட்வித். உலோகத் தகட்டுக்கு மேல ஒட்டுற உறிஞ்சிக்கு இத்தனை தடிமனுக்கு இவ்ளோதான் பேண்ட்வித்னு ஒரு உச்சவரம்பு இருக்குன்னு ரோசனோவ்ங்கிற ஆய்வாளர் 2000லயே காட்டிட்டார், எந்தப் புதுப் பவுடரும் அதைத் தாண்டாது. காந்தப் பொருள் சேத்தா வரம்பு கொஞ்சம் ஏறும், எடையும் சேந்து ஏறும்.

நீ 1, 2, 3 சதவீதத்துக்கு இறங்கு. நிஜமாவே ஷீட் வார்த்து, பின்னாடி அலுமினியத் தகடு ஒட்டி, ஹார்ன் ஆன்டெனா வச்சு அள. மைனஸ் 12தான் வந்துதுன்னாலும் அந்த கிராஃபை எனக்கு அனுப்பு, மெழுகு வளையக் கணக்கை மட்டும் அனுப்பித் தொலைக்காத.